படலையைப் பூட்டினால் போதுமா?

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாயும் தந்தையும் தனித்திருக்கும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. அவற்றில் பலவற்றின் முகப்பில் இன்று கமரா இருக்கிறது. அதன் பதிவுப் பெட்டி விறாந்தை மூலையில் இரவும் பகலும் ஓடுகிறது. அம்மா முற்றம் கூட்டுவதை மகன் ரொறன்ரோவில் இருந்து கைபேசியில் பார்க்கிறார். கல்யாணப் படங்களையும் காணி உறுதிகளின் பிரதிகளையும் வீட்டுச் சேர்வரில் சேமித்து வைப்போரும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால், மகன் பார்க்கும் அதே வழியால் முன்பின் தெரியாதவனும் உள்ளே வரலாம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

கமரா பூட்ட வருபவர், வெளிநாட்டில் இருந்து பார்க்க வசதியாக ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியில் இருந்து உள்ளே வரும் வாசலை, திறந்துவிட்டுப் போவதுண்டு. கடவுச்சொல்லோ தொழிற்சாலையில் போட்ட ‘12345’ ஆகவே கிடக்கிறது. படலைக்கு ஆமைப்பூட்டு, இணையத்துக்குப் பொட்டு வேலி!

“எங்கள் வீட்டில் என்ன கிடக்கு, ஆர் வந்து பார்க்கப் போகினம்?” என்பார்கள். தாக்குபவன் வீடு பார்த்து வருவதில்லை. இணைய முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்க அவனிடம் நிரல்கள் இருக்கின்றன. 2016இல் பரவிய ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்கு மேல் கொண்ட பட்டியலை வைத்தே உலகெங்கும் வீட்டுக் கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அந்த ஒக்ரோபரில் ருவிற்றரையே முடக்கிய தாக்குதலில் அந்தப் பெட்டிகளும் ஏவப்பட்டன. 2021 ஏப்ரலில் கியூநாப் என்ற நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.01 பிட்கொயின் கப்பம் கேட்டார்கள்.

நம் அரசாங்கமே தப்பவில்லை. 2023 ஓகஸ்டில் அரச மேகக் கணிமைத் தளம் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அங்கிருந்த மென்பொருள் பழையது. காப்புப் பிரதியும் அதே வலையமைப்பில் இருந்ததால் சேர்ந்தே பூட்டுப்பட்டது. வேறு பிரதி இல்லாத ஏடுகள் எரிந்தால் என்ன மிஞ்சும் என்பதை, 1981இல் யாழ். நூலகம் எரிக்கப்பட்டபோது கண்ட ஊர் இது. எங்களுக்கு இதை வேறெவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

கமரா விற்பவரும் பூட்டுபவரும், கடவுச்சொல்லை மாற்றி, அதைத் தமிழில் எழுதிக் கொடுத்த பின்னரே காசு வாங்க வேண்டும். போர்ட் திறந்துவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். வெளியில் இருந்து பார்க்க விபிஎன் என்னும் பூட்டிய தனிவழி இருக்கிறது. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனமும் யாழ். பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையும் சனசமூக நிலையங்களுக்கு இறங்கி வந்து இதைத் தமிழில் செய்துகாட்ட வேண்டும்.

அதுவரை வீட்டுக்காரர் காத்திருக்கத் தேவையில்லை. ரவுட்டரிலும் பெட்டியிலும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள். படங்களையும் உறுதிகளையும் ஒரு வன்தட்டில் பிரதியெடுத்து, வயரைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். இன்றிரவு பிள்ளை அழைக்கும்போது, “எங்கட பெட்டியின்ர கடவுச்சொல்லு என்ன, தம்பி?” என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், இன்றே மாற்றிவிடுங்கள்.