ஊதும் மிட்டாயும் உதட்டில் ஒட்டும் பாலையும்

ஆனி, ஆடி மாதங்களில் வன்னிக் காடுகளிலே பாலை பழுக்கும். மஞ்சள் நிறத்ததாகிய அச்சிறு கனியைப் புசித்தவர்கள் அதன் இனிப்பை மட்டுமன்று, உதட்டைப் பற்றிக்கொள்ளும் பாலையும் அறிவர். எண்ணெய் பூசித் துடைத்தாலன்றி அது எளிதில் விடாது. பள்ளிக்கூட வாசலிலே பபிள்கம் வாங்கி, கன்னத்தளவு குமிழி ஊதும் நம் சிறுவரிடம் இவ்விரண்டுக்கும் உறவுண்டு என்றால் நகைப்பர். ஆயினும் உறவு உண்டு.

பாலைக்கு மெக்சிக்கோ நாட்டுக் காடுகளிலே ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. நம் வளவுகளிலும் வளரும் சப்போட்டாவே அது. தாவர நூலார் இரண்டையும் 'மணில்காரா' என்னும் ஒரே பேரினத்தில் அடக்குவர். சப்போட்டா மரத்தைக் கீறி, வடியும் பாலைக் காய்ச்சி இறுகச் செய்த 'சிக்கிள்' என்னும் பசையைப் பண்டைய மாயா மக்கள் மென்றனர். அதே பசையிலிருந்து றப்பர் செய்ய முயன்று தோற்ற அமெரிக்கர் தோமஸ் அடம்ஸ், 1871ஆம் ஆண்டில் சூயிங்கம் செய்யும் பொறிக்கு உரிமம் பெற்றார்.

அதை மெல்லலாம், ஊத முடியாது. பிலடெல்பியாவில் மிட்டாய்க் கம்பனி நடத்திய பிராங்க் பிளியர் 1906இல் ஊதும் பசையொன்றைச் செய்து, 'பிளிபர் பிளபர்' என்று பெயரும் சூட்டினார். குமிழி எழுந்தது, ஆனால் வெடித்ததும் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கழற்றுவதற்கு டர்ப்பன்டைன் வேண்டியிருந்ததாம்! பண்டம் கடைக்கு வரவேயில்லை. பாலைப்பழம் உண்டவர்களுக்கு அவர் பட்ட சங்கடம் நன்கு விளங்கும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அம்முடிச்சை அவிழ்த்தவர் இரசாயன அறிஞர் அல்லர். அதே கம்பனியின் கணக்காளர், 23 வயதினரான வோல்ரர் டீமர். பேரேட்டை மூடிவைத்துவிட்டு ஓய்வு வேளைகளிலே கலந்து பார்த்தார். 1928இல் ஒட்டாமல் உரியும் குமிழி கைகூடிற்று. அருகில் கிடைத்த சாயம் இளஞ்சிவப்பு ஒன்றே ஆதலால் அதையே ஊற்றினார். இன்றும் உலகெங்கும் பபிள்கம்முக்கு அந்நிறமே பெருவழக்கு. அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஒரு கடையில் வைத்த நூறு துண்டுகளும் ஒன்று ஒரு சதமாக அன்றே விற்றுப்போயின. 'டபிள் பபிள்' என்னும் பெயரில் அது புகழ் பெற்றது. குமிழி ஊதும் வித்தையை விற்பனையாளருக்குப் பயிற்றியவரும் டீமரே. எனினும் உரிமம் எவரும் பதியவில்லை. பிறர் தாராளமாகப் பின்பற்றினர். 1947இல் 'பசூக்கா' போட்டிக்கு வந்தது. டீமர் 1998இல் மறைந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரப்பாலின் இடத்தைச் செயற்கைப் பசைகள் பிடித்தன. இன்று சிறுவர் மெல்லுவதிலே பெரும்பாலும் மரமில்லை; பெற்றோலிய வழிவந்த பொருளே உண்டு. வீதியிலே துப்பினால் அது மக்குவதுமில்லை. சிக்கிளுக்காக மிகையாகக் கீறப்பட்ட மெக்சிக்கோ மரங்கள் பல அதற்கு முன்னரே பட்டுப்போயின.

நம் பாலையை அவ்வாறு கீறுவார் இல்லை. அதன் பழத்தைக் காய்ச்சிப் பாணி எடுப்பர். துணுக்காய்ப் பக்கத்திலே பாலைப்பாணி என்றே ஓர் ஊருமுண்டு. ஆனால் ஏறிப் பறிக்கச் சோம்பி, கிளையோடு வெட்டிச் சாய்த்துப் பழம் பொறுக்குவாரும் உளர். வைரமேறிய அம்மரம் மிக மெதுவாகவே வளர்வது. காட்டுக் கரடிகளும் பறவைகளும் அப்பருவத்தில் அதே பழத்தைத்தான் தேடி வருகின்றன.