விளையாட்டும் வினையும்: பாத்திரமேற்கும் மேசை ஆட்டங்களும் மன்னார் மண்ணும்

மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து, தாமல்லாத பிறராகப் பேசி, ஒரு கதையைக் கூடி உருவாக்கும் ஆட்டங்கள் உலகில் உள்ளன. அவற்றைப் பற்றிக் கூறினால் தமிழ்ப் புலமையாளருள் ஒரு சாரார் முறுவலிப்பர். சிறுபிள்ளை விளையாட்டு என்பது அவர்தம் தீர்ப்பு. மேல்நாட்டார் பொழுதுபோக்கு என்பது மற்றொரு சாராரின் தீர்ப்பு. இரண்டும் ஆராயாது வழங்கப்பட்ட தீர்ப்புகளே. மன்னார்த் தீவினதும் அதன் கரையோரத்தினதும் கலை வரலாற்றை அறிந்தோர் இவற்றை ஏற்றல் இயலாது.

மாதோட்டத்துக் கூத்துகளுள் ஒன்று ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’. எண்டிறீக்கு என்பது ஹென்றி என்னும் பெயர். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். கடலிலும் வயலிலும் உழைத்தவன் ஓரிரவு ஐரோப்பியப் பேரரசனாக நின்று பாடினான். ஊர் விழித்திருந்து கேட்டது. பிறநாட்டுக் கதையென்று எவரும் எழுந்து போகவில்லை. இத்தகைய கூத்துகளையும் கற்றோர் ஒரு காலத்தில் பாமரர் பொழுதுபோக்கென்றே ஒதுக்கினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனை மேடையில் ஏற்றினார். 1964இல் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, 1966இல் ‘மூவிராசாக்கள் நாடகம்’ என மன்னார்க் கூத்துகளைப் பதிப்பித்தார். அதன் பின்னரே கற்றோர் முறுவல் அடங்கிற்று. அன்று கூத்துக்கு நேர்ந்த அலட்சியமே இன்று இவ்வாட்டங்களுக்கு நேர்கின்றது.

எதிர்ப்போர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. இவ்வகை ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ மூலம் பரவிற்று. ஒருவர் நடத்துநராக இருந்து உலகை விவரிப்பார். ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பேசுவர். ஐயம் நேருமிடத்துப் பகடை முடிவு சொல்லும். இன்று அது பெருவணிகப் பண்டம். பூதங்களைக் கொன்று பொன் சேர்ப்பதே அதில் மிகுதி. எனினும் அதனைக் கொண்டு இவ்வகை முழுவதையும் எடைபோடுவது, வணிகப் படமொன்றைக் கண்டு திரைக்கலையையே பழிப்பதை ஒக்கும்.

பெருநிறுவனங்களைச் சாராத தனிமனிதர் எழுதிச் சிறு நூல்களாக வெளியிடும் ஆட்டங்கள் வேறு வழியில் செல்வன. 2009இல் ஜேசன் மோர்னிங்ஸ்டார் ஆக்கிய ‘ஃபியாஸ்கோ’வில் நடத்துநரே இல்லை, பேராசையால் கெடும் சாதாரண மனிதரின் கதையை எல்லோரும் சமமாக நின்று சொல்வர். 2018இல் வெளிவந்த ‘டயலெக்ட்’ தனித்து வாழும் ஒரு சமூகத்தின் மொழியைப் பற்றியது; ஆடுவோர் அம்மொழிக்குப் புதுச்சொற்களைப் படைத்து, அது அழிவதையும் தாமே காண்பர். மொழியின் அழிவு பற்றி மேடைதோறும் முழங்குவோர் ஒருமுறை இதனை ஆடிப் பார்த்தல் நன்று.

மன்னாருக்கு மிக அண்மையில் நிற்பது கனடாவின் அவெரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட ‘த குவயட் இயர்’. ஒரு வெற்றுத் தாள், 52 சீட்டுகள், சில பகடைகள் போதும். ஒரு சீட்டு ஒரு வாரம். நான்கு வகைச் சீட்டுகளும் நான்கு பருவங்கள். ஆடுவோர் ஊரின் பல்வேறு குரல்களாகப் பேசி, அவ்வூரின் வரைபடத்தைத் தாளில் வரைவர். ஊர் எதையேனும் கட்டத் தொடங்கின், அது முடிய எத்தனை வாரம் செல்லும் என்பதைப் பகடை காட்டி நிற்கும். கலந்துரையாடல் நிகழும்போது ஒவ்வொருவரும் ஒரு முறையே பேசலாம். இறுதித் தீர்மானம் என எதுவும் அறிவிக்கப்படுவதில்லை. தன்னைக் கேளாது காரியம் நடந்ததென்று எண்ணுபவர் அவமதிப்பின் அடையாளமாக ஒரு காயை எடுத்துத் தம்முன் வைப்பார். ஆட்டம் முடியும்வரை அது எல்லோர் கண்ணிலும் படலாம்.

மன்னார் மக்களின் முன்னே எத்தனை காய்கள் குவிந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2020 டிசெம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் ‘தம்பபவனி’ திறந்து வைக்கப்பட்டது. 2025 ஓகஸ்டில் மேலும் காற்றாலைகள் வருவதை எதிர்த்து மக்கள் தெருவில் நின்றனர். வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, வலசைப் பறவைகள் என அவர்கள் எழுப்பிய வினாக்கள் பல. காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதை ஓர் ஆட்டம் தீர்த்துவிடாது. ஆனால் பொறியியலாளராக ஒரு மீனவனும், மீனவனாக ஒரு மாணவனும் ஒரு மாலை பேசிப் பார்க்கும் பயிற்சியை எந்த விரிவுரை மண்டபம் இன்று அளிக்கின்றது?

துயரத்தை விளையாட்டாக்கலாமா என்று சிலர் சினப்பர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. இதனை மேசைமேல் வைப்பது பாவம் என்பது அவர்தம் வாதம். தவக்காலந்தோறும் திருப்பாடுகளைப் பாஸ்காவாக நடித்த கத்தோலிக்க மண்ணில் இவ்வாதம் நிலைக்காது. பிறர் துன்பத்தைத் தன்னுடம்பில் ஏற்று நடிப்பது அதனை மலிவாக்குவதாகாது. ஒரு நிபந்தனை மாத்திரம் இன்றியமையாதது: அவ்வாட்டத்தின் விதிகளை எழுதும் கையுள் வெளியேற்றப்பட்டவரின் கையும் இருத்தல் வேண்டும். சென்றவரும் நின்றவரும் ஒரே தாளில் ஒரே ஊரை வரைவார்களாயின், எந்த வீடு எவர் நினைவில் எங்கே நிற்கின்றது என்பதாவது வெளிப்படும்.

ஆகவே தமிழ்ச் சங்கங்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. இவ்வாட்டங்களைத் தேடிக் கண்டெடுத்தல் முதற்பணி. அவற்றின் விதிகளை ஆக்கியோர் இசைவுடன் தமிழில் தருதல் அடுத்தது. அத்துடன் அமைந்துவிடின் அது வெறும் இறக்குமதியே. பனியும் வசந்தமும் மன்னாரின் பருவங்கள் அல்ல. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என நான்கு காற்றுகள் அங்குண்டு. காற்றின் திசை பார்த்துத் தொழில் செய்யும் மீனவரும் உண்டு. நான்கு வகைச் சீட்டுக்கு நான்கு காற்று என்று ஒரு புது ஆட்டத்தை எழுதுவதற்குப் பெருநிதியோ பெருநிறுவனமோ தேவையில்லை. ஐரோப்பியப் பேரரசனைத் தன் கூத்துக்குள் அழைத்து, அவனைத் தமிழில் பாட வைத்த மண் அது. அம்மண்ணின் பிள்ளைகள் ஒரு சீட்டுக்கட்டைக் கண்டு அஞ்சுதல் தகாது.