கஞ்சிக்கு வழி சொன்னீர்களா?

தறிக்குழியிலே நீர் ஊறினால் என்ன நேரும் என்பதைக் காஞ்சி நெசவாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவு விரிக்கத் தெரு இல்லை, தறி நின்றது, அடுப்பும் அணைந்தது. அந்த மழையை அனுப்பிய கடலின் கரையிலே, கோவளத்திலே, தேவனேரியிலே, சதுரங்கப்பட்டினத்திலே வாழ்பவன் இவனுடைய உடன்பிறந்தான். 2019 வரை இருவரும் ஒரே மாவட்டம். செங்கற்பட்டு பிரிந்தது, வரைபடத்திலே கோடு விழுந்தது. பசிக்குக் கோடு கிழிக்க எவராலும் முடியவில்லை!

இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950 முதல் 2020 வரை, நூற்றாண்டுக்கு 1.2 பாகை என்ற வேகத்திலே சூடேறியிருக்கிறது என்று அறிவியலாளர் அளந்து கூறுகின்றனர். சூடேறிய கடல் புயலுக்குத் தீனி. அந்த நெருப்பை மூட்டியவன் யார்? கட்டுமரக்காரனா? நிலக்கரியை மலைமலையாய் எரித்துச் செல்வம் குவித்தோர் மூட்டினர்; வேகிறவன் குப்பத்துக்காரன்.

2017 நவம்பர் இறுதியிலே ஒக்கி வந்தது. முன்பே ஆழ்கடல் சென்றுவிட்ட குமரி மீனவர்க்கு எச்சரிக்கை எட்டவில்லை; பலர் திரும்பவேயில்லை. இன்று எச்சரிக்கை முந்தி வருகிறது. வரட்டும், வரவேற்கிறோம்! 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது, படகுகள் கரையிலே கட்டிக் கிடந்தன. உயிர் பிழைத்தது. வயிறு?

"கடலுக்குப் போகாதே!" என்று ஆணை பிறக்கிறது. "சரி ஐயா, சோறு?" என்று கேள்வி பிறக்கிறது. உடனே திரை விழுந்துவிடுகிறது! என் நாடகத்திலே இப்படி ஒரு காட்சியை முடித்தால் கொட்டகையிலே செருப்புப் பறக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய்! மழைக்காலத்து மீன்வரத்துக் குறைவுக்கும் 6,000 தருகிறோமே என்பர். பருவம் தவறாத கடலுக்குப் போட்ட கணக்கு அது. ஆகஸ்டிலே திடுமென வரும் சூறைக்காற்று எச்சரிக்கைக்கு அந்தக் கணக்கிலே இடம் எங்கே?

இயலாத காரியமா? 2021இலே கேரள அரசு, வானிலை எச்சரிக்கையால் தொழிலிழந்த மீனவக் குடும்பத்துக்கு 3,000 ரூபாய் அளிக்க முடிவு செய்தது. அங்கே கருவூலம் கவிழ்ந்தா போயிற்று?

மீனவன் கேட்பது பிச்சையன்று; அரசின் ஆணைக்குக் கீழ்ப்படிந்த நாளுக்குக் கூலி. அதை வரவுசெலவுத் திட்டத்திலே ஒரு வரியாக எழுதச் சொல்லி வட்டந்தோறும் கூட்டம் போடுங்கள். தறிக்குழி நனைந்த நாளுக்கும் அடுத்த வரியிலேயே இடம் கேளுங்கள்.