வாசித்துக் காட்டப்பட்டது

வங்கிக் கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். கடன் பத்திரத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தார். வாசித்துக் காட்டினேனா? வரிசை நீண்டு நிற்கிற நாளில் இல்லை. ஆனால் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இந்த உறுத்தலோடுதான் ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அதன் பெயர் 'ரெக்கெரிமியெந்தோ'. தாக்கீது என்று சொல்லலாம். 1513இல் ஸ்பெயின் அரசவையின் சட்ட அறிஞர் பாலாசியோஸ் ரூபியோஸ் எழுதியது. அமெரிக்கக் கரைகளில் இறங்கும் படை, சண்டைக்கு முன்னால் அந்த மண்ணின் மக்களுக்கு இதை வாசிக்க வேண்டும். கடவுள் உலகைப் படைத்தார். மனிதர் அனைவருக்கும் தலைவராகப் பேதுருவை வைத்தார். அவர் வழிவந்த போப் இந்த நிலத்தை ஸ்பெயின் அரசர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒத்துக்கொள். மறுத்தால் போர். உன்னையும் உன் பெண்டு பிள்ளைகளையும் அடிமையாக்குவோம். விழுகிற சாவுக்கெல்லாம் நீயே பொறுப்பு. முடிவில், வாசித்ததற்கு நோட்டரி எழுத்தில் சான்று தர வேண்டும். கூட நிற்பவர்கள் சாட்சி.

வாசித்தது ஸ்பானிய மொழியில். கேட்டவனுக்குப் புரிஞ்சுதா? யாருக்கு அக்கறை! 1514இல் பெத்ரேரியாஸ் தாவிலாவின் படையோடு போன ஒவியேதோ, ஆளே இல்லாத ஊரில் நின்றுகொண்டு தளபதியிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்: ஒரு இந்தியனைக் கூண்டில் அடைத்த பிறகு அவனுக்குச் சாவகாசமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைய கொலம்பியாவிலுள்ள சேனு பகுதித் தலைவர்களுக்கு மட்டும் விளக்கிச் சொன்னதாக என்சிசோ 1519இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கடவுள் ஒருவரே என்பது சரிதான் என்றார்களாம். தனக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்த போப் குடித்திருக்க வேண்டும். அடுத்தவன் சொத்தைக் கேட்டு வாங்கிய ராஜா பைத்தியக்காரனாக இருக்க வேண்டும் என்றார்களாம். புரிந்தவனின் பதில் இதுதான். அதற்கும் கிடைத்தது கத்திதான்.

கொள்ளையடிக்க ஆயுதம் போதும். கொள்ளையை உரிமையாக்க மதம் வேண்டியிருந்தது. மதத்தைப் பத்திரமாக்க ஒரு குமாஸ்தா வேண்டியிருந்தான். 1493இல் போப் ஆறாம் அலெக்சாந்தர் கொடுத்த தானத்தின் மேல் எழுந்தது அந்தப் பத்திரம். 1537இல் இன்னொரு போப், மூன்றாம் பவுல், இந்தியர்களும் மனிதர்களே என்று ஆணை எழுத வேண்டி வந்தது. மனிதன் மனிதன்தான் என்று சொல்ல ஒரு ஆணை! அந்தப் பழைய ஆணைகளின் பேரில் வளர்ந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் கைகழுவியது 2023 மார்ச் 30இல்தான். அறிக்கை வந்தது. நிலம் வரவில்லை.

படித்த தோழர்களே, இப்போது காகிதம் நம் கையிலும் இருக்கிறது. வாசிக்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதுதான் கேள்வி. நாளைக்கு ஒரு அம்மா கைநாட்டு வைக்க வருவாங்க. வரிசை கத்தினாலும் பரவாயில்லை. முழுசா வாசிச்சுக் காட்டப் போறேன். அவங்க எதிர்த்துக் கேள்வி கேட்டா, அதுக்கும் நானே சாட்சி.