நிறுத்தச் சொல்லும் குரல்

2007 பிப்ரவரி 14. ஆஸ்திரேலியாவில் மனிலா என்ற சிற்றூர். துணி இறக்கையில் தொங்கிப் பறக்கும் பாராகிளைடிங் விளையாட்டின் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கச் சில நாட்களே இருந்தன. அன்று பயிற்சிக்காகப் பறந்தவர்களில் ஜெர்மன் அணியின் ஏவா விஸ்னியெர்ஸ்காவும் ஒருவர். வளர்ந்துகொண்டிருந்த இடிமேகம் அவரை உள்ளே இழுத்து, ஏறத்தாழ 9,900 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனது. எவரெஸ்ட் சிகரத்தைவிட ஒரு கிலோமீட்டர் மேலே. அரை மணி நேரத்துக்கும் அதிகமாக நினைவின்றித் தொங்கினார். உடம்பில் பனி படர்ந்திருந்தது. எப்படியோ உயிரோடு தரை இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹே சோங்பின் இறந்துபோனார்.

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் நான் படிப்பதற்குக் காரணம் என் அக்கா மகன். பெங்களூருவில் வேலை. இமாச்சலத்தின் பீர் கிராமத்துக்குப் போய்ப் பறக்கக் கற்றுக்கொண்டவன், இப்போது பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போகிறான். "மாமா, அம்மாகிட்ட நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்" என்றான். சொல்வதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டாமா?

படிக்கப் படிக்க ஒன்று உறுதியாகத் தெரிகிறது. மனிலாவில் பறந்தவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்லர். மேகமும் ஒளிந்திருந்து பாயவில்லை. சித்திரை மாதத்தில் பிற்பகல் மேற்கே கருத்தால், இங்கே களத்தில் காயும் நெல்லை யாரும் சொல்லாமலே கூட்டி மூடிவிடுகிறார்கள். அங்கும் எல்லோரும் வானத்தைப் பார்த்தவர்கள்தான். ஆனால் பார்ப்பது ஒன்று, திரும்புவது இன்னொன்று. பயிற்சியிலேயே இப்படி என்றால், பந்தயத்தில் இன்னும் கடினம். பக்கத்தில் பறப்பவன் திரும்பாதபோது நாம் மட்டும் திரும்பினால் புள்ளி போய்விடும். அந்தப் புள்ளிக் கணக்கில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆகவே பந்தய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை, அந்தக் கணக்கிலேயே கை வைப்பவை. பறக்கும்போது வீரர்கள் வானிலையை ரேடியோவில் மூன்று நிலைகளாகச் சொல்கிறார்கள். ஒன்று என்றால் நன்றாக இருக்கிறது. இரண்டு என்றால் கடுமை, ஆனாலும் சமாளிக்கலாம். மூன்று என்றால் ஆபத்து. "மூன்று" என்ற குரல்கள் வந்தால் போட்டி இயக்குநர் அன்றைய பந்தயத்தை நிறுத்திவிடலாம். நிறுத்திய பிறகு புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். அறிவிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு யார் எங்கே இருந்தார்களோ, அதுவரைதான் கணக்கு. அதற்குப் பிறகு உயிரைப் பணயம் வைத்துப் பறந்தாலும் ஒரு புள்ளி கூடக் கிடைக்காது. மேகத்துக்குள் நுழைந்தவருக்குத் தண்டனை உண்டு. விழுந்த இன்னொருவருக்கு உதவப் போனவர் இழந்த நேரத்துக்கு ஈடு செய்யவும் வழி வைத்திருக்கிறார்கள். மனிதனின் ஆசையைத் தெரிந்துகொண்டு எழுதிய விதிகள் இவை. எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பந்தய விதிகளில் பல, சாவுகளுக்குப் பிறகு வந்தவை அல்லது இறுகியவை. 2011 ஜூலையில் ஸ்பெயினின் பியத்ராஹிட்டாவில் நடந்த உலகப் போட்டியில் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். போட்டியை அங்கேயே முடித்துக்கொண்டார்கள். கயிறுகளைக் குறைத்து, வேகத்துக்காகவே செய்யப்பட்ட, சான்றிதழ் இல்லாத இறக்கைகளை அதன்பிறகு உலக வான் விளையாட்டு அமைப்பு தடை செய்தது. பந்தய இறக்கைகளுக்கென்று தனிச் சோதனை முறை பிறகுதான் உருவானது.

இந்த ஊர்க்காரனுக்கு அதைப் படிக்கும்போது 2004 ஜூலை 16 நினைவுக்கு வராமல் இருக்காது. கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் தீப்பிடித்து 94 குழந்தைகள் எரிந்த பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் இறங்கின. கீற்று தீப்பிடிக்கும் என்பது அதற்கு முன்பும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகளைக் கொடுத்து வாங்கிய விதியை வெறும் சம்பிரதாயமாக நினைப்பவர்களோடு என்னால் பேச முடிவதில்லை.

அதனால் மருமகனிடம் கறாராகவே கேட்டேன், எந்த இறக்கை என்று. பாராகிளைடர்களுக்கு ஏ, பி, சி, டி என்று வகுப்பு உண்டு. ஏ பொறுமையானது, பறப்பவரின் தவறைப் பொறுத்துக்கொள்ளும். மேலே போகப் போக வேகம் கூடும், மன்னிப்பு குறையும். முதல் பந்தயத்துக்குப் போகிறவன், ஜெயிப்பவர்கள் வைத்திருப்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. "இப்ப இருக்கற பி-தான் மாமா, மாத்தல" என்றான். நிம்மதியாக இருந்தது. அவசரப் பாராசூட்டைப் பற்றியும் கேட்டேன். அது பையில் இருந்தால் மட்டும் போதாது. குறித்த காலத்தில் பிரித்து மடிக்க வேண்டும். தரையில், ஹார்னஸ் என்ற இருக்கைப் பட்டையில் தொங்கியபடி, கைப்பிடியைக் கண் பார்க்காமல் பிடித்து இழுத்துப் பழக வேண்டும். சுழன்று விழும்போது யோசிக்க நேரம் இருக்காது.

சட்டமிட்ட இறக்கையில் பறக்கும் ஹேங் கிளைடிங்கில் இதைவிட எளிய ஒரு காரியம் உயிரைக் காக்கிறது. புறப்படும் முன் படுத்துத் தொங்கிப் பார்த்து, இறக்கையோடு தன்னைக் கொக்கியில் மாட்டியாயிற்றா என்று உறுதி செய்வது. 2018-இல் சுவிட்சர்லாந்தில் சுற்றுலாப் பயணி ஒருவரை மாட்டாமலே கிளப்பிவிட்டார் ஓட்டுநர். பயணி இரண்டு நிமிடத்துக்கு மேல் கையாலேயே தொங்கி, கை எலும்பு முறிந்து உயிர் தப்பினார்.

கூட்டம் இன்னொரு ஆபத்து. ஏறும் சூடான காற்றில், அதாவது தெர்மலில், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சுற்றுவார்கள். முதலில் சுற்றத் தொடங்கியவர் எந்தத் திசையோ, பின்னால் வருபவர் எல்லோரும் அதே திசை. 2024 அக்டோபர் கடைசியில், பீர்–பில்லிங்கில் உலகக் கோப்பைப் போட்டி தொடங்கச் சில நாட்களுக்கு முன், வானில் நடந்த மோதலில் பெல்ஜியம் நாட்டுக்காரர் ஒருவர் இறந்தார். போட்டி நாட்களில் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கும். அதற்கு முந்திய வாரம், எல்லோரும் இஷ்டத்துக்குப் பயிற்சி செய்யும்போது, வானம் நெரிசலாகவும் மேய்ப்பவர் இல்லாமலும் இருக்கிறது. மனிலாவிலும் போட்டி தொடங்கும் முன்தான் நடந்தது. ஆகவே அந்த வாரத்துக்குத்தான் அவனை அதிகம் பயப்படச் சொன்னேன்.

அக்காவிடம் சொல்லியாயிற்று. அழுதாள், பிறகு கேள்விகள் கேட்டாள். "எங்கயாவது காட்டுல இறங்கிட்டா?" என்றாள். சரியான கேள்வி. பந்தயத்தில் எங்கே இறங்கினாலும், நலமாக இறங்கினேன் என்று அமைப்பாளர்களுக்குத் தகவல் சொல்வது கட்டாயம். தகவல் வராவிட்டால் தேடப் புறப்படுவார்கள். பீரை ஒட்டிய தௌலாதார் மலைச்சரிவில் இருட்டிய பிறகு தேடுவது மற்றவர்களின் உயிருக்கும் ஆபத்து. ஆகவே மறந்துபோவது அங்கே சின்னத் தவறு அல்ல. அவனிடம் இருக்க வேண்டியவை: ஜிபிஎஸ் டிராக்கர், முழுக்கச் சார்ஜ் ஏற்றிய போன், விசில், மலை மீட்புச் செலவையும் ஏற்கும் காப்பீடு, ரத்த வகை எழுதிய அட்டை. அக்கா இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். காப்பீட்டில் ஹெலிகாப்டர் செலவு உண்டா என்று மட்டும் அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. அது வந்த பிறகுதான் பந்தயத்துக்குப் பணம் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறாள்.