அன்று 'நீங்கள் நிரூபியுங்கள்'... பிறகு 'நீ நிரூபி!' - டூட்டி சந்தின் இரண்டு வழக்குகள்

டூட்டி சந்த் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 'ஏதோ ஹார்மோன் பிரச்னைன்னு தடை பண்ணாங்களே, அவங்கதானே?' என்பீர்கள் சிலர். 'ஊக்கமருந்து கேஸ்ல மாட்டினாங்களே' என்பீர்கள் வேறு சிலர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, 'அப்பவே டவுட்டு இருந்துச்சு பாஸ்' என்று தீர்ப்பு எழுதுபவர்களும் உண்டு.

இரண்டும் வேறு வேறு வழக்குகள். ஒன்றில் டூட்டி ஜெயித்தார். இன்னொன்றில் தோற்றார். அந்தத் தோல்விக்குக் கிடைத்த 4 ஆண்டுத் தடை, 2027 ஜனவரித் தொடக்கத்தில் முடிகிறது. 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்தில் நடக்கப்போகின்றன. 2036 ஒலிம்பிக்ஸ் மீதும் இந்தியாவுக்கு ஒரு கண். அந்தப் பெரிய மேடைக்குப் போகும் முன் இந்தக் கதையைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. ஜிம் பேக்கில் ஒரு டப்பா பவுடர் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் நெசவாளர் குடும்பம். ஏழு பிள்ளைகளில் ஒருவர் டூட்டி. 2014-ல் அவருக்கு 18 வயது. ஜூனியர் அளவில் ஆசியப் பதக்கங்கள் வாங்கிய கையோடு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். கடைசி நேரத்தில் அணியிலிருந்து பெயர் நீக்கம். காரணம், அவர் உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு, பெண்களுக்கு சர்வதேச தடகளச் சம்மேளனம் வைத்திருந்த வரம்பைத் தாண்டியிருந்தது. மருந்து சாப்பிட்டோ அறுவை சிகிச்சை செய்தோ அளவைக் குறைத்துக்கொண்டு வந்தால் ஓடலாம் என்பது அப்போதைய விதி.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருக்காக வாதாட அன்று யாரும் முன்னால் வந்து நிற்கவில்லை. டூட்டிக்கு வக்கீல்கள் கிடைத்தார்கள், ஆதரவு கிடைத்தது. முக்கியமாக, 'என் உடம்பில் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டேன்' என்று அவரே உறுதியாக நின்றார்.

வழக்கு, சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் தீர்ப்பு. சாரம் இதுதான்: 'இயற்கையாக இந்த ஹார்மோன் கூடுதலாக இருக்கும் பெண்ணுக்கு, போட்டியிலிருந்தே விலக்கி வைக்கும் அளவுக்குப் பெரிய சாதகம் கிடைக்கிறது என்று சம்மேளனம் நிரூபிக்கவில்லை. ஆதாரத்தோடு வாருங்கள், 2 ஆண்டு அவகாசம். அதுவரை விதி நிறுத்திவைப்பு.'

உலக அமைப்பையே 'நீங்கள் நிரூபியுங்கள்' என்று சொல்ல வைத்தார் ஒரு நெசவாளர் மகள். சின்ன விஷயமா என்ன?

அதற்குப் பிறகான ஓட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016 ரியோவில், பி.டி.உஷாவுக்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக் 100 மீட்டரில் ஓடிய இந்தியப் பெண். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி. 100 மீட்டரில் தங்கம் வாங்கியவர் 11.30 விநாடி, டூட்டி 11.32. கண் இமைப்பதற்குள் போய்விட்ட தங்கம். ஒடிசா அரசு ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒன்றரைக் கோடி ரூபாய் அறிவித்தது. 2019-ல் நேபிள்ஸில் உலகப் பல்கலைக்கழகப் போட்டித் தங்கம். அதே ஆண்டு, தான் ஒரு பெண்ணைக் காதலிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். 2021 ஜூனில் பாட்டியாலாவில் 11.17 விநாடி, புதிய தேசிய சாதனை.

இப்போது இரண்டாவது வழக்கு.

2022 டிசம்பர் 5, டிசம்பர் 26. போட்டி எதுவும் இல்லாத நேரத்தில், புவனேஸ்வரில், இந்தியாவின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா இரண்டு முறை சிறுநீர் சாம்பிள் எடுத்தது. இரண்டிலுமே 'சார்ம்ஸ்' வகை மருந்துகள். ஆன்டரின், ஆஸ்டரின், லிகாண்ட்ரால் என்று பெயர்கள் வரிசையாக வந்தன.

சார்ம்ஸ் என்றால் என்ன? ஸ்டீராய்டு மாதிரியே தசையையும் எலும்பையும் குறிவைத்து வேலை செய்யும் ரசாயனங்கள். புற்றுநோயால் தசை கரைந்துபோகிறவர்களுக்கும் எலும்பு பலவீனமானவர்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் மருந்து நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்தவை. ஆராய்ச்சி முடிந்து டாக்டர் சீட்டில் எழுதும் மருந்தாக அவை இன்னும் வரவில்லை. ஆனால், 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒரு லேபிள் ஒட்டி ஆன்லைனில் தாராளமாக விற்கிறார்கள். கல்லீரல் பாதிப்பு, மாரடைப்பு அபாயம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்துவிட்டது. விளையாட்டில் 2008-லிருந்தே தடை. போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருடம் முழுக்க.

ஆக, முதல் வழக்கு உடம்பே சுரப்பது பற்றியது. இரண்டாவது வெளியிலிருந்து உள்ளே போனது பற்றியது. ஆன்டரினை எந்த மனித உடம்பும் தானாகச் சுரக்காது. இதில் 'அப்பவே டவுட்டு' என்று சொல்ல இடமே இல்லை.

டூட்டி தரப்பு சொன்னது, வேண்டுமென்றே எடுக்கவில்லை, ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னதை நம்பி எடுத்துக்கொண்டார் என்பது. 'பி' சாம்பிளைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு இருந்தும் அவர் கேட்கவில்லை. 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. உள்ளே போவது என்ன என்று உறுதிப்படுத்த வேண்டியது வீராங்கனையின் கடமை, டாக்டரிடம்கூட ஆலோசிக்கவில்லை என்றது ஒழுங்கு நடவடிக்கைக் குழு. தற்காலிகத் தடை தொடங்கிய 2023 ஜனவரி 3-லிருந்து 4 ஆண்டுகள் அவர் ஓடக் கூடாது. முதல் சாம்பிள் எடுத்த நாளிலிருந்து வந்த முடிவுகளும் ரத்து.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. ஊக்கமருந்து விதிகளில் நிரூபிக்கும் பொறுப்பு அமைப்பின் தலையில் இல்லை. மருந்து உடம்பில் இருந்தது என்று காட்டிவிட்டால் அவர்கள் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. அது எப்படி வந்தது, தெரிந்து எடுத்தாரா, தெரியாமலா... எல்லாவற்றையும் விளையாடியவர்தான் நிரூபிக்க வேண்டும். சார்ம்ஸ் போன்ற மருந்துக்கு விதிப்படி ஆரம்பமே 4 ஆண்டுதான். வேண்டுமென்றே செய்யவில்லை என்று காட்டினால் பாதியாகும். கவனக்குறைவும் பெரிதாக இல்லை என்று காட்டினால் இன்னும் குறையும். 2015-ல் உலகச் சம்மேளனத்தால் நிரூபிக்க முடியாததால் ஜெயித்த டூட்டி, 2023-ல் தன்னால் நிரூபிக்க முடியாததால் தோற்றார்.

இது கொடூரமான விதிதான். ஆனால் வேறு வழி இருக்கிறதா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்று சொன்னால் போதும் என்றால், எல்லோருக்கும் அதுவே பதிலாகிவிடும். மூன்று வாரத்தில் எடுத்த இரண்டு சாம்பிள்களிலும் ஒரே குடும்பத்து மருந்துகள் இருக்கும்போது, 'ஏதோ கலந்துவிட்டது' என்பது பலவீனமான வாதம். அதற்காக அவர் தெரிந்தேதான் செய்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். குழுவுக்கே அந்தக் கேள்விக்கு முழு விடை தேவைப்படவில்லை. நிரூபிக்க முடியவில்லை என்பதே போதுமானதாக இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. முதல் வழக்குக்கு டூட்டியைச் சுற்றி வக்கீல்கள், விஞ்ஞானிகள், ஆர்வலர்கள் என்று ஒரு பட்டாளமே நின்றது. அன்றாடம் வாயில் போடும் மாத்திரைக்கு ஒரே ஒருவரின் வாய்வார்த்தை. தேசிய சாதனை வைத்திருப்பவருக்கே இந்த நிலை என்றால், மாவட்ட மைதானத்தில் ஸ்பைக்ஸ் கடன் வாங்கி ஓடும் பெண்ணுக்கு யார் சொல்லித்தருவார்கள்?

2021 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை 100 மீட்டர் இறுதிப்போட்டி ஞாபகமிருக்கிறதா? திருச்சியின் தனலட்சுமி 11.39 விநாடியில் ஓடி டூட்டியை முந்தியபோது தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டே தனலட்சுமியும் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார். காமன்வெல்த் வாய்ப்பு போய், 3 ஆண்டுத் தடை. ஆக, அந்த ரேஸில் முதல் இரண்டு இடங்களில் வந்த இருவருமே பின்னால் தடைக்குள்ளானார்கள்.

எண்ணிக்கையும் அதைத்தான் சொல்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2024 கணக்கில் இந்தியாவில் 7,113 சாம்பிள்கள், 260 பாசிட்டிவ். அதாவது 3.6 சதவிகிதம். அதிகமாகச் சோதனை செய்யும் நாடுகளில் நாம்தான் முதலிடம், அதுவும் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக. 'சோதனை அதிகமாகப் பண்றோம், அதான் மாட்டுறாங்க' என்பது வழக்கமான பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சதவிகிதத்துக்கு அந்தப் பதில் பொருந்தாது.

பதக்கம் என்றால் கோடிகள், அரசு வேலை, குடும்பமே கரையேறும். பதக்கத்துக்கு முன்னால் எதுவும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் 'இதைப் போடு, ஒண்ணும் ஆகாது' என்று சொல்லும் ஆள் நுழைகிறார்.

அதே ஆள் உங்கள் ஜிம்மிலும் இருப்பார். உங்களை யாரும் சோதிக்கப் போவதில்லை, தடையும் இல்லை. கல்லீரலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மாவட்டம், பல்கலைக்கழகம் என்று போட்டிகளுக்குப் போகிறவர் என்றால், மருந்துப் பெயரைத் தேடிப் பார்க்க நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' ஆப் இருக்கிறது. சப்ளிமென்ட் என்றால், ஒவ்வொரு பேட்சையும் ஆய்வகத்தில் சோதித்ததற்கான 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' முத்திரை டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பில்லையும் பேட்ச் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

டூட்டிக்கு வருவோம். தடை முடியும்போது அவருக்கு 31 வயது ஆக ஒரு மாதம்தான் பாக்கி இருக்கும். ஸ்பிரின்ட்டருக்கு அது முடிவு இல்லை. ஆனால் அவர் விட்டுப்போன தடகளம் அப்படியே இல்லை. 2018-ல் வந்த புதிய ஹார்மோன் விதி 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் என்பதால் அவரைத் தொடவில்லை. 2023 மார்ச்சில், அவர் தடையில் இருந்தபோது, அது எல்லாப் பந்தயங்களுக்கும் விரிந்தது. 2025 செப்டம்பரிலிருந்து, உலகத் தரவரிசைக்கான போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட ஒருமுறை மரபணுப் பரிசோதனையும் கட்டாயம். அவர் விஷயத்தில் இவையெல்லாம் என்ன ஆகும் என்று ஊகிப்பது நம் வேலை இல்லை. ஆனால் 2015-ல் அவர் ஜெயித்த அந்தப் பழைய வழக்கின் கேள்வி, இரண்டாவது வழக்கின் தண்டனை முடியும் வாசலில் மறுபடியும் வந்து நிற்கிறது. 11.17 விநாடி தடைக்கு முந்தைய ஓட்டம் என்பதால், அதை யாரும் ரத்து செய்யவில்லை.