சுமை ஏற்றுபவருக்கும் சட்டம் உண்டு

மாண்புமிகு தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை உயர் அதிகாரிகளுக்கும்:

சென்னை புதுப்பேட்டையைத் தாங்கள் அறிவீர்கள். பிரித்தெடுத்த கார்களின் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், கதவு என எதைக் கேட்டாலும் கிடைக்கும் கூவக்கரைச் சந்தை அது. புதுப் பாகம் வாங்க வசதியில்லாத டாக்ஸி ஓட்டுநரும் வெளியூர் மெக்கானிக்கும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். அந்தத் தொழிலை முடக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அங்கிருந்து கிளம்பும் லோடு பற்றியே எழுதுகிறேன்.

நான்கு சிலிண்டர் கார் இன்ஜின் கியர்பாக்ஸோடு சேர்ந்தால் ஒன்றரை, இரண்டு குவிண்டால் வரும். டீசல் இன்ஜின் என்றால் இன்னும் கூடும். இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக மீன்பாடி வண்டியில் ஏற்றி, நைலான் கயிற்றால் கட்டி அனுப்புகிறார்கள். மீன்கூடை சுமக்க வந்த மூன்று சக்கர வண்டி அது. பழைய பைக் இன்ஜினைப் பொருத்தி ஓட்டுகிறார்கள். பதிவெண்ணும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. முறையாகப் பதிவான, ‘குட்டி யானை’ எனப்படும் சிறிய சரக்கு வண்டியும் ஏறக்குறைய முக்கால் டன் தாங்கத்தான் செய்யப்பட்டது. அதிலும் பட்டை ஸ்பிரிங் படுத்துவிடும் அளவுக்கு இரும்பு ஏறுகிறது.

எடை இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த பிரேக் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். அந்த வலு சிறிய பிரேக்குக்கு இல்லை. ஆயில் கசியும் இன்ஜின் பலகையில் வழுக்கும். உயரமாக அடுக்கிய சுமை வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். சந்தைக்கு அருகிலுள்ள ஹாரிஸ் பாலத்தின் மேல் அப்படி ஒரு இன்ஜின் சரிந்தால், அது பக்கத்தில் பைக்கில் போகிறவர் மேல்தான் விழும். வண்டியோட்டியும் தப்ப மாட்டார்.

சட்டத்தில் குறையில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் பிரிவு 194, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. கூடுதல் சுமையை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்கிறது. ஓட்டியவரை மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் அதே பிரிவு பொறுப்பாக்குகிறது. ஆனால் சாலையில் மாட்டுபவர் நடைக்கூலிக்கு வண்டியோட்டுகிறவர். எவ்வளவு ஏற்றுவது என்பதை முடிவு செய்தது அவரல்ல. முடியாது என்று அவர் சொன்னால் அடுத்த வண்டிக்காரருக்கு லோடு போய்விடும். முடிவு செய்தவர் கடையிலேயே இருக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, சந்தையிலேயே பொது எடைமேடை அமையுங்கள். ஏற்றிய கடையின் பெயரோடு எடைச்சீட்டு இல்லாமல் எந்த லோடும் கிளம்பக் கூடாது.

இரண்டாவது, அதிகச் சுமையோடு வண்டி பிடிபட்டால், அந்தச் சீட்டை வைத்து, அதை ஏற்றி அனுப்பியவர் மீதும் வழக்குப் பதியுங்கள். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

மூன்றாவது, மீன்பாடி வண்டிகளைப் பறிமுதல் செய்வதோடு நிறுத்தாதீர்கள். பறிபோவது ஒரு குடும்பத்தின் சோறு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 310 கிலோ வரை ஏற்றும் மின்சரக்கு வண்டியை அங்கீகரிக்கின்றன. இன்ஜினும் கியர்பாக்ஸுமாக ஒரு நடைக்கு அது போதும். பழைய வண்டியை ஒப்படைப்பவருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, பதிவும் இன்சூரன்ஸும் உள்ள அந்த வண்டிக்கு மாற்றுங்கள்.

இதனால் நடைகள் கூடும், வண்டிக்கூலியும் ஏறும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். உண்மைதான். இன்று அந்தச் செலவை வண்டியோட்டி தன் உயிரைப் பணயம் வைத்து ஏற்கிறார். அதைப் பொருளை விற்பவரும் வாங்குபவரும் பகிர்ந்துகொள்வதே நியாயம். அந்த நியாயத்தைப் புதுப்பேட்டையிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சென்னைக் குடிமகன் ஒருவன்